நாடி யாருக்குத் துடித்தது?

வியாழக்கிழமை பிற்பகல், ஸ்காபரோவில் உள்ள மாலைவெயில் முதியோர் இல்லத்தின் கீழ்த்தளக் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

நாகலட்சுமி, இல்லத்தின் நிர்வாகி. பிறந்தது கோயம்புத்தூர், வீடு அஜக்ஸில். எந்தக் கெட்ட செய்தியையும் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று தொடங்கத் தெரிந்தவள்.

மிதுனன், இறந்தவரின் ஒரே மகன். மார்க்கம் நகரில் மென்பொருள் கம்பனி வைத்திருப்பவன். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். துப்பறிய ஆள் வைத்தது அவன்தான்.

பாலேஸ்வரி, பராமரிப்பு ஊழியர். முதியவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கி, கழுவி, உடுத்தி, மறுபடி கட்டிலில் கிடத்துவது பல வருட வேலை. குற்றவாளி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஆள். அவளும்கூட.

ஜெயமலர், துப்பறிவாளர். காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பொய் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், அதையே இப்போது சொந்தமாகச் செய்பவள்.

அபிஷன், அவளுடைய உதவியாளன். ரெக்ஸ்டேலில் பிறந்து வளர்ந்தவன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தனிச் சம்பளம் கேட்டவன். இன்னும் கிடைக்கவில்லை.

விநாயகமூர்த்தி அங்கே இல்லை. மிதுனனின் தந்தையான, நினைவு மங்கிப்போன அந்த மனிதர், போன வாரம் பனிப்புயல் அடித்த பிற்பகலில் இல்லத்தின் பக்கக் கதவால் வெளியே போய், கதவுக்கு அருகிலேயே உறைந்து இறந்திருந்தார். பனி தள்ளும் வண்டிக்காரன் கண்டுபிடித்தபோது அவர் மீதும் ஓர் அடுக்குப் பனி இருந்தது.

மேசையில் ஒரு தாள் கிடந்தது. கண் முன்னால் ஆபத்து தெரிந்தும் பாலேஸ்வரி எழுந்து போகவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து வைத்தால் இந்த வேலையை இனி எங்கேயும் செய்ய முடியாது. தாள் நேராகப் பொலிசுக்குப் போகும். பேனாவை அவள் ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டாள்.

ரொறன்ரோவில் ஒரு கிழவர் செத்தால் பலர் மன்னிப்புக் கேட்பார்கள், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே ஒருத்தி ஒப்புக்கொள்ளத் துடித்துக்கொண்டிருந்தாள். ஜெயமலருக்கு அது பிடிக்கவில்லை.

“பேனாவைக் கொஞ்சம் கீழை வையுங்கோ, தங்கச்சி. தம்பி, இந்த இல்லத்திலை நீர் பூட்டின உந்தத் திரை என்ன செய்யுது எண்டு எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்தும். இவன் அபிஷனுக்கும் விளங்கிற மாதிரி.”

“எனக்கு விளங்கினா வேறை ஆருக்கும் விளங்கும். நான்தான் டெஸ்ட் பண்ணிப் பாக்கிற ஆள்,” என்றான் அபிஷன்.

மிதுனன் விளக்கினான். கட்டில்களுக்குக் கீழும் கதவுகளிலும் நடைபாதைத் தரையிலும் உணரிகள். வாசல்களில் கமெராக்கள். எல்லாம் ஊழியர் மேசையில் இருக்கும் ஒரு பெரிய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். திரைக்கு முன் இருப்பவர் கையில் ஒரு பட்டி கட்டியிருப்பார். பட்டி நாடித் துடிப்பையும் தோலின் வியர்வையையும் படிக்கும். திரையின் மேல் இருக்கும் கண், அவர் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறார் என்று பார்க்கும். ஒரு கட்டத்தைப் பார்த்து உடம்பு துணுக்குற்றால் அந்தக் கட்டம் பெரிதாகும், மற்றவை சுருங்கும்.

“மெஷின் முடிவெடுக்காது அக்கா. முடிவெடுக்கிறது ஆள்தான். ஆனா அனுபவப்பட்ட ஆளுக்கு ஏதோ பிழை எண்டு மூளைக்கு முதல் உடம்புக்குத் தெரிஞ்சிடும். நாங்கள் அந்த உடம்பைக் கேக்கிறம்.”

“என்ரை உடம்பைக் கேட்டால் உங்கடை ஸ்கிறீன் முழுக்கக் கொத்துரொட்டிதான் நிக்கும்,” என்றான் அபிஷன். யாரும் சிரிக்கவில்லை. ஜெயமலர் மட்டும் அவனை ஒரு கணம் யோசனையோடு பார்த்தாள்.

முன்பு ஒவ்வொரு கதவுக்கும் மணி இருந்தது. ஓயாமல் அடிக்கும் மணிக்கு மனிதர் மரத்துப்போவார்கள் என்று மிதுனன் அவற்றைக் கழற்றச் செய்திருந்தான். திரையின் படங்களும் சேமிக்கப்படுவதில்லை. படுத்த படுக்கையில் இருப்பவர்களைப் படம் பிடித்து வைக்கக்கூடாது என்று குடும்பங்கள் சண்டை பிடித்திருந்தன. மிஞ்சியது பட்டி அனுப்பிய நாடிக் கோடு மட்டும், கதவு திறந்த நேரம் அதில் குறிக்கப்பட்டிருந்தது. மடிக்கணினியில் அதைக் காட்டினான். தட்டையாகப் போன கோடு பக்கக் கதவு திறந்த இடத்தில் மலையாக ஏறி, இறங்காமல் நின்றது.

“பாருங்கோ. அப்பா வெளியில போனது அவவின்ரை உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு. திரையும் காட்டியிருக்கும். அவ எழும்பேல்லை.” குரல் உடைந்தது. அது நடிப்பல்ல. அந்தக் கோபம் உண்மையானது என்பதுதான் ஜெயமலரைக் குழப்பியது.

அவள் கோட்டின் அடிவாரத்தில் விரலை வைத்தாள். “கதவு திறக்க முதலே ஏறத் தொடங்கிட்டுதே, தம்பி.”

“அதுதான் அக்கா உள்ளுணர்வு. பதினைஞ்சு வருஷ அனுபவம்.”

“ஆபத்து வரமுதலே பயந்திட்டா. பிறகு எழும்பாமல் இருந்திட்டா. கெட்டிக்காரிதான்.”

சாட்சிப் பொருளாகப் பட்டி ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. யாரோ கொக்கியைக் கழற்றாமலே கையிலிருந்து உருவி எடுத்திருந்தார்கள், வளையம் இன்னும் பூட்டியபடியே இருந்தது. ஜெயமலர் பையைத் திறந்து, பாலேஸ்வரியின் கையைப் பிடித்து, வளையத்தை மாட்டப் பார்த்தாள். விரல் முட்டுகளைத் தாண்டவில்லை. மனிதர்களைத் தூக்கித் தூக்கித் தடித்துப்போன கை அது. பட்டி மிக உள் துளையில் பூட்டியிருந்தது.

“கை வீங்கியிருக்கு,” என்றாள் பாலேஸ்வரி. “உப்புக் கூடிப்போச்சு.”

“ஒரு கிழமையிலையோ? எங்கடை அம்மா நாப்பது வருஷமா உப்புப் போடுறா,” என்றான் அபிஷன்.

ஜெயமலர் ஒரு மணித்தியாலம் கேட்டாள். நாகலட்சுமி கடிகாரத்தைப் பார்த்தாள், துரதிர்ஷ்டவசமாக நாலு மணிக்கு மேல் தன்னால் காத்திருக்க முடியாது என்றாள். தாளை எடுத்துக்கொண்டு தன் அலுவலகத்துக்குப் போய்விட்டாள்.

அபிஷனை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, ஜெயமலர் அவள் பின்னாலேயே போனாள். இறந்தவரை எப்படிக் கண்டார்கள் என்று கேட்டாள். நாகலட்சுமி அதை ஒரு விபத்து அறிக்கையின் தொனியில் சொன்னாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நின்ற இடத்திலேயே சரிந்திருந்தார். மேல்கோட்டு, முழுக்கப் பூட்டிய பொத்தான். கம்பளித் தொப்பி. கால் மாறாமல் போட்ட சப்பாத்து.

“அலைஞ்சு திரியுறவங்க பைஜாமாவோட போவாங்க மேடம். இவரு நீட்டா டிரெஸ் பண்ணிட்டுப் போயிருக்காரு. அதான் எங்களுக்கே ஆச்சரியம்.”

“ஆச்சரியப்பட்டதை ஆரிட்டையும் சொன்னனீங்களோ?”

“யாரும் கேக்கலையே.”

ஜெயமலருக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் இந்த இல்லத்துக்கு வருவது ஒரே மாதிரித்தான். முன் வாசலில் வண்டி நிறுத்தக் காசு. பக்கக் கதவோரம் இலவசம், ஆனால் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. ஆகவே யாரும் உள்ளே வருவதில்லை. காரில் இருந்தபடியே போன் எடுப்பார்கள். ‘வெளியில வாங்கோ, நிக்கிறன்.’ அம்மாவோ அப்பாவோ கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கக் கதவுக்குப் போய் நிற்பார்கள். வேறு எந்தச் சனமும் பெற்றோரை இப்படிப் பார்சல் எடுப்பதுபோல் எடுப்பதில்லை.

விநாயகமூர்த்தி வழி தவறவில்லை. யாரோ கூப்பிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். அவருக்கு மருமகளின் பெயர் மறந்துவிட்டது, வருடம் மறந்துவிட்டது. ‘அப்பா’ என்று ஒரு குரல் கேட்டால் எழுந்துவிடுவார்.

“பக்கக் கதவின்ரை பூட்டை ஆர் திறக்கலாம்?”

ஊழியர்கள் நம்பர் அமுக்கித் திறப்பார்கள் என்றாள் நாகலட்சுமி. ஆனால் அன்று காலையிலிருந்தே குளிரில் அந்தப் பெட்டி வேலை செய்யவில்லை. வேறு வழி போன் மூலம். அது இரண்டு பேருக்குத்தான் முடியும். “நானும் மிதுனன் சாரும். நான் அன்னிக்கு 401 ஹைவேல பனில மாட்டிக்கிட்டு அஜக்ஸ்க்கே திரும்பிட்டேன். கதவு ஏதோ ரிப்பேர்ல திறந்திருக்கும்னுதான் சார் சொன்னாரு.”

அவள் இன்னொன்றும் சொன்னாள், பெரிதாக எண்ணாமல். இந்த மாதத்தோடு அந்தத் திரையை எடுத்துவிட இல்லத்தின் மேலிடம் முடிவு செய்திருந்தது. ஊழியர்கள் பட்டியை வெறுத்தார்கள். மிதுனனுக்கு இதுதான் முதல் இல்லம். இது போனால் மற்ற இடங்களும் போகும்.

வெளியே வந்தபோது அபிஷன் படியிறங்கி வந்தான். மேல்மாடியில் ஒரு கிழவி அவனுக்குத் திருமணம் பேசத் தொடங்கியிருந்தாள். பேச்சுக்கு இடையில், புயலன்று இரண்டு ஊழியர்கள் வராததால் பாலேஸ்வரிதான் மேலே வந்து எல்லோருக்கும் சாப்பாடு ஊட்டியதாகச் சொல்லியிருந்தாள்.

“கை மேல்மாடியிலை சூப் பருக்கிக்கொண்டு இருந்திருக்கு அன்ரி. நாடி மட்டும் கீழை இருந்து துடிச்சிருக்கு. ஸ்பெஷல் மனுசி.”

பாலேஸ்வரியை அவர்கள் துணிகள் அடுக்கும் அறையில் பிடித்தார்கள். தன் கடைசி வேலை நாளில் அவள் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு என்ன வேணும்? நான்தான் ஒத்துக்கொண்டுட்டனே. ஒத்துக்கொண்ட ஆளைப் போட்டு நோண்டுற துப்பறியிற ஆள் நீங்கள் ஒராள்தான்.”

ஜெயமலர் நேராகச் சொன்னாள். பட்டி கையிலிருந்து கழன்றால் அலுவலகத்துக்குத் தகவல் போகும். மேலே கிழவர்கள் பசியோடு இருந்தார்கள். ஆகவே பட்டிக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. இங்கே எல்லோரும் செய்வதுதானே. யார் மேசையில் இருக்கிறாரோ அவர் கையில் மாட்டிவிட்டு மற்றவர் ஓடுவது. மெல்லிய கை ஒன்று. யாருடையது?

பாலேஸ்வரி கடைசித் துவாயை இரண்டு தடவை மடித்தாள். பிறகு, திட்டுவதுபோல் சொன்னாள்.

“என்ரை தங்கச்சியின்ரை பெட்டை. கஜனி. அகதி கேட்டு வந்தவள், கேஸ் அடுத்த மாசம். வேலை செய்யிற பேப்பர் இன்னும் வரேல்லை. இஞ்சை சும்மா தொண்டுக்கு வந்து போறவள். களவா வேலை செய்தவள், அவளாலை ஒராள் செத்துப்போச்சு எண்டு எழுதினால் ஆர் அவளை இந்த நாட்டிலை விடுவினம்? எனக்கு இந்த வேலை போனால் வேறை வேலை. அவளுக்கு வேறை நாடு இல்லை.”

“பொலிஸ் பிடிச்சு மறியலிலை போட்டாலும்?”

“மறியலிலை தூக்கிற வேலை இல்லைத்தானே.”

அபிஷன் மடித்த துவாய்களை எடுத்து அலுமாரியில் அடுக்கினான்.

கஜனி ஊழியர் மேசைக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஜெயமலரின் கையில் இருந்த பிளாஸ்டிக் பையைக் கண்டதும் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். மறுக்கவில்லை. அன்று கதவு திறந்ததைப் பார்த்தாயா என்று கேட்டபோது, தான் எதையும் பார்க்கவில்லை என்றாள். பொய்போல் இருக்கவில்லை.

“அப்ப நீர் என்னத்தைப் பாத்தனீர், பிள்ளை?”

கஜனிக்குக் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

ஜெயமலர் அபிஷனைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவன் கூட்ட அறைக் கதவைத் தட்டி, மிதுனனிடம் மிகுந்த துக்கத்தோடு அறிவித்தான்.

“அண்ணை, முன் வாசலிலை உங்கடை காரை இழுத்துக்கொண்டு போக ட்றக் வந்திருக்கு. வெள்ளை ரெஸ்லா உங்கடைதானே? நான் எவ்வளவோ சொன்னன், துக்க வீட்டுக்காரர் எண்டு. கேக்கிறாங்கள் இல்லை.”

மிதுனன் ஓடினான்.

அதே நேரம் ஜெயமலர் கஜனியைத் திரைக்கு முன் உட்கார வைத்துப் பட்டியை அவள் கையில் போட்டாள். வளையம் ஒரு தடையும் இல்லாமல் மணிக்கட்டில் போய் இருந்தது. திரை விழித்தது. கட்டில்கள், கதவுகள், நடைபாதைகள், எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். ஓர் அறையில் ஒருவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் வெறும் கட்டில். கஜனி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

பிறகு முன் மண்டபத்துக் கட்டத்தில் மிதுனன் வந்தான்.

கட்டம் வளர்ந்தது. பக்கத்துக் கட்டங்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு, ஆசையுள்ள பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுப்பதுபோல, திரை அவளுக்கு அவனைக் கொடுத்தது. அவன் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே எட்டிப் பார்த்தான். ட்றக்கைக் காணாமல் தலையைச் சொறிந்தான். அந்தத் தலைச் சொறிதல் திரையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிறைந்தது. பக்கக் கதவு தபால் தலை அளவுக்குச் சுருங்கி ஒரு மூலையில் கிடந்தது. காலைக் கீழே போட்ட கிழவரை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும்.

அபிஷன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காசு வாங்காமலே வாயை மூடிக்கொண்டிருந்தான்.

கஜனி பட்டியைப் பிய்ப்பதுபோல் உருவி எறிந்தாள். அழவில்லை. அன்றைக்கும் இதுதான் என்றாள். புயலில் யாரும் வராத நாள் அவர் வந்தார். மண்டபத்தில் நின்று யாருடனோ போனில் கதைத்தார். பிறகு கமெராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். வாரத்துக்கு ஒரு நாள் தன்னைக் கென்னடி ரயில் ஸ்ரேசனில் இறக்கிவிடுகிறவர், அண்ணா என்று கூப்பிட வேண்டாம் என்று சொன்னவர், தனக்குத்தான் சிரிக்கிறார் என்று அவள் நினைத்தாள். உள்ளே வருவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கோப்பி குடித்தார், திரும்பிப் போய்விட்டார். அவள் பார்த்தது அவ்வளவுதான்.

மிதுனன் எரிச்சலோடு திரும்பி வந்தபோது நாலு பேரும் மேசையருகில் நின்றார்கள். பாலேஸ்வரி துவாய் அறையிலிருந்து வந்திருந்தாள்.

“அப்பாவுக்கு அண்டைக்கு போன் எடுத்து என்ன சொன்னனீர்?” என்று கேட்டாள் ஜெயமலர்.

அவன் மறுக்க ஆரம்பித்தான். அவள் நம்பர் பெட்டியைச் சொன்னாள், போனால் மட்டும் திறக்கும் பூட்டைச் சொன்னாள், பொத்தான் பூட்டிய கோட்டைச் சொன்னாள். மண்டபத்தில் அவனைப் பார்த்த கண் ஒன்று இருக்கிறது என்றாள். அவன் சுவரில் சாய்ந்தான்.

கொலைத் திட்டம் எதுவும் இல்லை. அதைவிட அற்பமான ஒன்று. திரையை எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது ஓர் உயிரைக் காப்பாற்றியதாகக் காட்டினால் எடுக்க மாட்டார்கள். அவனுக்குத் தெரிந்த எல்லாரிலும் பாலேஸ்வரியின் உடம்புதான் மிகக் கூர்மையானது. அவளுடைய நாடியை வைத்துத்தான் திரையையே பழக்கியிருந்தான். அப்பா கதவைத் தாண்டினால் அவள் நாடி பாயும், கட்டம் பெரிதாகும், அவள் ஓடி வந்து கூட்டிப்போவாள். அப்பாவுக்கு மூக்கு நுனி சில்லிடும், அவ்வளவுதான்.

“ரெண்டு நிமிசம் அக்கா. கதவடியிலை நில்லுங்கோ அப்பா, அசையாதேங்கோ, இந்தா வாறன் எண்டு சொன்னன். அவர் அசையேல்லை.”

“நீர் போய்ப் பாக்கேல்லையே?”

“நான் போனால் டெஸ்ட் பிழைச்சுப்போகும். நான் காத்துக்கொண்டு நிண்டன். சத்தம் ஒண்டும் இல்லை. சத்தமில்லாமல் உள்ளை கூட்டிக்கொண்டு போயிட்டா, அவ்வளவு நல்லா வேலை செய்யுது எண்டு நினைச்சன். சந்தோஷமாத்தான் வீட்டை போனனான்.” அவன் பாலேஸ்வரியின் பக்கம் திரும்பினான். முகம் கோணியது. “நீங்கள் ஏன் எழும்பேல்லை அன்ரி? உங்கடை நாடி பாய்ஞ்சதே. திரை காட்டியிருக்குமே. அப்ப திரையிலை என்ன பெரிசா நிண்டது?”

பாலேஸ்வரி கஜனியின் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றாள்.

“நீர்தான், தம்பி,” என்றாள் ஜெயமலர்.

அவனுக்கு விளங்கவில்லை. பிறகு கஜனியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், மேசையில் கிடந்த பட்டியைப் பார்த்தான். விளங்கியது. மகன் சொன்ன சொல் கேட்டுத் தந்தை சுவரோரம் நின்று உறைந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தத் திரை பழுதில்லாமல் வேலை செய்திருந்தது. முன்னால் இருந்தவளின் மனதை ஒரு பிழையும் இல்லாமல் படித்திருந்தது. அவன் ஆறு வருடம் உழைத்தது இதற்குத்தான்.

அவன் மடங்கித் தரையில் உட்கார்ந்தான். யாரும் தூக்கவில்லை. அபிஷன் மட்டும் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான்.

துக்கத்தைவிடப் பயம் வேகமாக வேலை செய்யும். தண்ணீரைக் குடித்து முடித்தபோது மிதுனன் கணக்குப் போட்டிருந்தான். தாழ்ந்த குரலில், எல்லோருக்கும் நன்மை செய்பவன்போல் கதைத்தான். இது வெளியே வந்தால் தான் உள்ளே போவேன், அது பரவாயில்லை, ஆனால் கஜனியின் கேசும் முடிந்துவிடும். பாலேஸ்வரி அன்ரி எப்படியும் ஒத்துக்கொண்டுவிட்டா. அவவுக்குக் கெட்டிக்கார வக்கீல் ஒருவரைத் தானே வைப்பேன்.

“அன்ரி சைன் வைக்கட்டும் அக்கா. மூண்டு பேர் அழியிறதுக்குப் பதிலா ஒராள். அப்பா திரும்பி வரப்போறதில்லை.”

“நான் உம்மட ஆள் இல்லை, தம்பி. இந்த நிமிசத்திலை இருந்து. கண்டதைக் கேக்கிறவைக்குச் சொல்லுவன்.”

“சொல்லுங்கோ,” என்றான். “படம் இல்லை. என்ரை போனிலை இருந்ததை எப்பவோ அழிச்சிட்டன். அன்ரி தான் செய்யேல்லை எண்டு சொன்னால் நானும் இல்லையெண்டுவன். அண்டைக்கு மண்டபத்திலை என்னைக் கண்டது கஜனி மட்டும்தான். அவள் அதைச் சொன்னால் தான் இருந்த இடத்தையும் சொல்லவேணும்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஜெயமலரின் கையில் இருந்தது ஒரு வளையமும் ஒரு கோடும் ஒரு கிழவியின் திருமணப் பேச்சும். உண்மையை அப்படியே கண்டுபிடித்து முடித்திருந்தாள், அதை வைத்து ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை.

பாலேஸ்வரி நெற்றியைப் புறங்கையால் துடைத்தாள். “தம்பி சொல்லுறது சரி. நான் வைக்கிறன். அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இதை இவ்வளவோடை விடுங்கோ.”

மிதுனன் எழுந்து அவளுக்கு வழி விட்டான். அப்போதும்கூட அவன் கஜனியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

கஜனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கையில் பட்டி இல்லை. என்ன துடித்தது, துடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது.

“பெரியம்மா, நில்லுங்கோ.”

“நீ வாயை மூடு. போய் அந்த மனுசிக்கு நகத்தை வெட்டு.”

“உங்களைக் கேக்கேல்லை, பெரியம்மா. சொல்லுறன். அந்தக் கிழவர் ஒவ்வொரு நாளும் என்னட்டைத் தன்ரை மகன் கனடாவிலை பெரிய வேலை எண்டு சொல்லுவார். ஒவ்வொரு நாளும் புதுசாச் சொல்லுவார். அண்டைக்கு அவர் இருந்த கட்டத்தை நான் பாக்கேல்லை. உங்கடை பேரைப் போட்டு அதை மறைக்கேலாது.”

பாலேஸ்வரி அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். மெல்லிய கை. வழுகிப் போனது. மிதுனன் குறுக்கே வந்து, விசரே உனக்கு, கஜனி, உன்னை நாட்டை விட்டு அனுப்பிவிடுவாங்கள் என்றான். முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அபிஷன் இரண்டு அடி எடுத்து வைத்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டான். “அண்ணை, ட்றக் உண்மையா வரமுதல் காரைப் போய்ப் பாருங்கோ.”

கஜனி நடைபாதையால் நடந்தாள், ஓடவில்லை. நாகலட்சுமியின் அலுவலகக் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்து, அந்தத் தாளோடு காத்திருந்தவளின் சலித்த குரல், வாங்க என்றது.

பாலேஸ்வரி கதவை அடைந்தபோது அது மூடிவிட்டது. கைப்பிடியைப் பிடித்தாள், தோளால் முட்டப் போனாள். எத்தனையோ பேரைத் தூக்கிய தோள். அதற்குள் உள்ளிருந்து கஜனி சாவியை ஒரு முறை திருப்பிய சத்தம் கேட்டது.